ஹைராக்ஸ் அறிவியல் தரவுச் சேவையகம்: நிறுவிய பின் அமைப்பதும் சோதிப்பதும் – முழுமையான வழிகாட்டி

ஹைராக்ஸை நிறுவி, ஜாவா நிரல்களை இயக்கும் வலைச் சேவையகமான டாம்கேட்டை இயக்கி, உலாவியில் முகவரியைக் கொடுத்ததும் கோப்புகளின் பட்டியல் திரையில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். டாம்கேட்டும் பின்னால் இருக்கும் தரவுப் பகுதியும் ஒன்றோடொன்று பேசுகின்றன, அடைவைப் படிக்க அனுமதி இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பட்டியல் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. ஒரு கோப்பைத் திறக்க முடிகிறதா, அதிலுள்ள எண் பயனரின் கணினியை அடையும்போது அதே எண்ணாக இருக்கிறதா என்பதெல்லாம் இன்னும் சோதிக்கப்படாமலேயே இருக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு முறையைப் பின்பற்றுகிறது: விடை முன்கூட்டியே தெரிந்த ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, சேவையகத்தின் உள்ளடுக்கிலிருந்து வெளியடுக்கு வரை ஒவ்வொரு நிலையிலும் அதே எண் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

அதற்கு உள்ளமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். ஹைராக்ஸ் இரண்டு நிரல்களால் ஆனது. நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்4, எச்டிஎஃப்5 போன்ற அறிவியல் தரவு வடிவக் கோப்புகளை உண்மையில் திறந்து படிப்பது பெஸ் எனப்படும் பின்புலச் சேவையகம். இது சி++ மொழியில் எழுதப்பட்டது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கிப் பெஸ்ஸிடம் கொடுத்து, விடையைத் திருப்பி அனுப்புவது ஓ.எல்.எஃப்.எஸ். எனப்படும் முன்புலம், இது டாம்கேட்டுக்குள் இயங்கும் ஜாவா நிரல். டாம்கேட் வழக்கமாக 8080 என்ற போர்ட்டில் கேட்கும். பெஸ் 10022இல் கேட்கும். தரவைக் கேட்கவும் கொடுக்கவும் இவை பயன்படுத்தும் டி.ஏ.பி. நெறிமுறை, 1990களில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யிலும் கடலியல் தரவுகளைப் பகிர்வதற்காகத் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது. ஒரு பெரிய கோப்பிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை வசதி. சோதிக்கவேண்டிய இடங்களில் பெரும்பாலானவை இந்த வெட்டுதலைச் சுற்றியே அமைகின்றன.

முதல் படி: பெஸ்ஸைத் தனியாகச் சோதித்தல்

டாம்கேட்டை நிறுத்தி வைத்துவிட்டு, பெஸ்ஸை மட்டும் இயக்குங்கள். இயக்கியதும் கணினியில் இயங்கும் செயல்களின் (பிராசஸ்) பட்டியலில் ஒரு காவல் செயலும், அதன் கீழ் கேட்கும் செயல் ஒன்றும் தெரிய வேண்டும். கேட்கும் செயல் பெஸ்ஸுக்கென்று உருவாக்கிய பயனர் கணக்கின் பெயரில் இயங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் பெயரில் இயங்குவதாகத் தெரிந்தால் அமைவுக் கோப்பில் பயனர், குழு ஆகிய இரண்டு வரிகளையும் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பெஸ்ஸுடன் நேரடியாகப் பேசுவதற்கு அதனுடனேயே ஒரு கட்டளைவரிக் கருவி வருகிறது. அதில் அந்தக் கணினியின் பெயரையும் 10022 என்ற போர்ட்டையும் கொடுத்து இணைந்ததும், முதலில் பதிப்பைக் காட்டச் சொல்லும் கட்டளையைக் கொடுங்கள். வரும் விடையில் ஏற்றப்பட்ட கையாளிகளின், அதாவது ஒவ்வொரு கோப்பு வகையையும் படிக்கும் துணைநிரல்களின், பெயர்களும் பதிப்பு எண்களும் இருக்கும். உங்கள் தரவு எச்டிஎஃப்5இல் இருந்து, அந்தக் கையாளி இந்தப் பட்டியலில் இல்லையென்றால், வெளியடுக்குகளில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; புதிதாக வருபவர்களுக்கு முதல் பிழைச்செய்தி பெரும்பாலும் இதனால்தான் வருகிறது.

இப்போது தெரிந்த எண்ணுக்கு வருவோம். ஹைராக்ஸ் தன்னுடன் சில மாதிரிக் கோப்புகளையும் நிறுவுகிறது. அவற்றில் எஃப்.என்.ஓ.சி.1 என்ற நெட்சிடிஎஃப் கோப்பு 1988ஆம் ஆண்டின் காற்றுத் தரவைக் கொண்ட மிகச் சிறிய கோப்பு. யூ, வி என்ற இரண்டு காற்றுக்கூறுகளும், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் ஆகியவையும் என அதில் மொத்தம் ஐந்து மாறிகள். யூ மாறியின் அளவு 16 × 17 × 21. அதாவது 16 நேரங்கள், 17 அட்சங்கள், 21 தீர்க்கங்கள், மொத்தம் 5,712 எண்கள். அந்தக் கோப்பை ஒரு கொள்கலனாக அறிவித்து, அதிலிருந்து ஒரு வரையறையை உருவாக்கி, முதலில் கட்டமைப்பையும் பிறகு எண்களையும் கேளுங்கள். கட்டமைப்பில் இந்த அளவுகள் அப்படியே வர வேண்டும். யூ மாறியின் முதல் எண் -1728 ஆக இருக்க வேண்டும். அதன் பெருக்குக் காரணி 0.005 என்று மீத்தரவில் இருப்பதால், உண்மையான காற்றுவேகம் நொடிக்கு -8.64 மீட்டர். இந்த -1728ஐ ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படி வரை இது தேவைப்படும்.

இரண்டாம் படி: அமைவுக் கோப்புகளைப் பாதுகாப்பான இடத்தில் வைத்தல்

பெஸ்ஸின் முதன்மை அமைவுக் கோப்பையும் ஒவ்வொரு கையாளியின் அமைவுக் கோப்பையும் நேரடியாகத் திருத்துவது எளிதாகத் தோன்றினாலும், அடுத்த பதிப்புக்கு மாறும்போது அந்தத் திருத்தங்கள் அழிந்துபோகவோ புதிய கோப்போடு மோதவோ கூடும். இதற்காகவே தள அமைவுக் கோப்பு ஒன்றுக்கான முன்மாதிரி உடன் வருகிறது. அதை நகலெடுத்துப் பெயர் மாற்றி, உங்கள் மாற்றங்கள் அனைத்தையும் அதில் மட்டுமே எழுதுங்கள். அது கடைசியாகப் படிக்கப்படும் என்பதால் அதில் எழுதியதே நிலைக்கும். தரவின் வேர் அடைவு எது, நிர்வாகியின் மின்னஞ்சல் எது ஆகிய இரண்டும் முதலில் எழுத வேண்டியவை. மின்னஞ்சலை மாற்றாமல் விட்டால், உங்கள் சேவையகத்தில் பிழை நேரும்போது பயனர்கள் யாருக்கு எழுதுவது என்று தெரியாமல் மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஓ.எல்.எஃப்.எஸ்.ஸின் அமைவும் இதே போன்றதுதான். அது முதலில் நிரலின் தொகுப்புக்குள்ளேயே இருக்கும் இயல்பு அமைவைப் பயன்படுத்தும். ஈடிசி அடைவின் கீழ் ஓ.எல்.எஃப்.எஸ். என்ற பெயரில் அடைவு ஒன்றை உருவாக்கி, டாம்கேட் பயனருக்கு உரிமை கொடுத்து, டாம்கேட்டை மறுபடி இயக்கினால், இயல்பு அமைவை அது அங்கே நகலெடுத்துக்கொண்டு அதன்பின் அங்கிருந்தே படிக்கும். மறுபடி இயக்கிய பிறகும் அடைவு காலியாகவே இருந்தால் அனுமதியில் ஏதோ தடை இருக்கிறது. டெபியன் குடும்பத்து லினக்ஸ்களில் டாம்கேட் 9இன் சேவைக் கோப்பு, குறிப்பிட்ட சில அடைவுகளைத் தவிர மற்ற எங்கும் எழுத முடியாதபடி, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி மூலம் அடைத்து வைத்திருக்கும். அடைவின் உரிமை சரியாகவே இருந்தாலும் எழுத்து நடக்காது. எழுத அனுமதிக்கும் பாதைகளில் இந்த அடைவையும் சேர்த்துச் சேவைக்கு ஒரு மேலெழுத்துக் கோப்பு எழுத வேண்டும். ரெட் ஹாட் குடும்பத்தில் இதே வேலையை எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு செய்கிறது. அங்கே அடைவுக்குச் சரியான சூழல் முத்திரையைக் கொடுக்க வேண்டும். எஸ்இலினக்ஸை முழுவதுமாக அணைத்துவிடும் குறுக்குவழியை இணையத்தில் பலர் சொல்வார்கள். எதனால் தடுக்கப்படுகிறது என்று அறியும் சில நிமிடங்களுக்கு அனுமதிப் பயன்முறையில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கூடாது.

மூன்றாம் படி: முகவரி வழியாகக் கேட்டல்

இப்போது டாம்கேட்டையும் இயக்கி, அதே எஃப்.என்.ஓ.சி.1 கோப்பின் முகவரியோடு வெவ்வேறு பின்னொட்டுகளைச் சேர்த்துக் கேளுங்கள். டி.டி.எஸ். என்ற பின்னொட்டு கட்டமைப்பையும், டி.ஏ.எஸ். பண்புகளையும், ஆஸ்கி எண்களை எழுத்துவடிவிலும், டாட்ஸ் இரும வடிவிலும் தரும். நான்கையும் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சேவையகத்துக்குள் வெவ்வேறு வழியில் உருவாகிறது.

துண்டை வெட்டிக் கேட்கும்போது ஒவ்வொரு பரிமாணத்துக்கும் சதுர அடைப்புக்குள் தொடக்கம், தாவல், முடிவு என்று மூன்று எண்கள் வரும். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும்; முடிவு எண்ணும் உள்ளடங்கும். பைத்தானில் பழகிய கைகள் இங்கேதான் தவறும்: 17 அட்சங்களையும் கேட்க 0 முதல் 16 வரை என்று எழுத வேண்டும்; 17 என்று எழுதினால் பிழை. முதல் நேரத்தின் முழு வரைபடத்தைக் கேட்டால் 17 × 21 = 357 எண்கள் வர வேண்டும். டி.ஏ.பி.யின் இரண்டாம் பதிப்பில் 16 பிட் முழுவெண்ணும் நான்கு பைட்டுகளாகவே அனுப்பப்படுகிறது என்பதால், இரும விடையில் கட்டமைப்பு உரைக்கும் 'டேட்டா' என்ற வரிக்கும் பிறகு நீளத்தைச் சொல்லும் 8 பைட்டுகளும், எண்களுக்கான 1,428 பைட்டுகளும் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, பிற்பாடு பாதியில் அறுந்த விடையை அடையாளம் காண்பது எளிது.

சதுர அடைப்பால் வரும் தொல்லை ஒன்றல்ல, இரண்டு. முகவரிகளைக் கட்டளைவரியிலிருந்து கேட்க உதவும் கர்ல் கருவி அந்த அடைப்புகளைத் தன்னுடைய தொடர்வரிசைக் குறியாக எடுத்துக்கொண்டு கோரிக்கையை அனுப்பாமலேயே பிழை சொல்லிவிடும். அதை அணைப்பதற்கான ஜி விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதைக் கடந்தால் டாம்கேட் நிற்கிறது. அண்மைப் பதிப்புகள் முகவரியில் குறியாக்கப்படாத சதுர அடைப்பு வந்தாலே 400 என்ற பிழையைக் கொடுத்துவிடும், கோரிக்கை ஓ.எல்.எஃப்.எஸ்.ஸை எட்டவே எட்டாது, எனவே அதன் லாக் கோப்பில் ஒரு வரியும் இருக்காது. உலாவிகளும் சில கிளையன்களும் (சேவையகத்திடம் தரவு கேட்கும் பயனர் பக்க நிரல்கள்) அடைப்பைக் குறியாக்கி அனுப்புவதால் அவற்றில் எல்லாம் சரியாக நடக்கும். பழைய கிளையன் வைத்திருக்கும் ஒரு பயனருக்கு மட்டும் நடக்காது. டாம்கேட்டின் சர்வர் அமைவுக் கோப்பில் இணைப்பிக்குத் தளர்த்தப்பட்ட வினவல் எழுத்துகள் என்ற பண்பைச் சேர்த்துச் சதுர அடைப்புகளை அனுமதித்துவிடுங்கள்.

எச்.டி.டி.பி. நிலைக்குறியீடு 200 என்று வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சேவையகம் விடையை ஓடையாக அனுப்புகிறது. முதல் பைட் கிளம்பும்போதே 200 கிளம்பிவிடும். பாதி வழியில் கோப்பைப் படிக்க முடியாமல் போனால், குறியீட்டைத் திரும்பப் பெற வழியில்லாமல், பிழைச்செய்தி விடையின் உடலுக்குள்ளேயே வந்து விழும்.

நான்காம் படி: உண்மையான கிளையன்களால் திறத்தல்

உங்கள் பயனர்கள் யாரும் பின்னொட்டுகளைக் கையால் எழுதப்போவதில்லை. ஆகவே வேறொரு கணினியிலிருந்து, நெட்சிடிஎஃப் நூலகத்தோடு வரும் என்சிடம்ப் கருவியில் கோப்பின் பெயருக்குப் பதிலாக முகவரியைக் கொடுத்துத் தலைப்பை மட்டும் கேளுங்கள். பிறகு அதே கோப்பை உள்ளூரில் வைத்து அதே கட்டளையைக் கொடுத்து இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். எண்களையும் இப்படியே ஒப்பிடுங்கள். -1728 மறுபடி வர வேண்டும். அந்த நூலகம் டி.ஏ.பி. ஆதரவோடு தொகுக்கப்பட்டதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளாவிட்டால், கிளையனின் குறையைச் சேவையகத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். சில கிளையன்கள் பெருக்குக் காரணியைத் தாமே பயன்படுத்தி மதிப்பைக் காட்டும், சில காட்டாது. ஒப்பிடும்போது சேமித்த எண்ணைத்தான் இரண்டு பக்கமும் பார்க்கிறோமா என்பதில் கவனம் வேண்டும்.

ஐந்தாம் படி: சொந்தத் தரவை வைத்தல்

மாதிரிக் கோப்புகளில் எல்லாம் சரியாக வந்த பிறகே வேர் அடைவை உங்கள் தரவுக்கு மாற்றுங்கள். முழுத் தொகுப்பையும் ஒரே நாளில் திறந்துவிடாமல், வகைக்கு ஒரு கோப்பாகத் தொடங்குவது நல்லது.

பட்டியலில் கோப்பு தெரிந்தும் அதற்குத் தரவு இணைப்புகள் வரவில்லையென்றால், பெயர்ப் பொருத்த விதியைப் பாருங்கள். எந்தக் கோப்பை எந்தக் கையாளி திறப்பது என்பதைக் கோப்புப் பெயரின் முடிவை வைத்துத்தான் பெஸ் தீர்மானிக்கிறது. வழக்கத்துக்கு மாறான பின்னொட்டு இருந்தால் அதற்கு அது சாதாரணக் கோப்பு. கோப்பு பட்டியலிலேயே தெரியவில்லையென்றால் அனுமதியைப் பாருங்கள். கோப்புக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுத்தால் போதாது. வேரிலிருந்து அந்தக் கோப்பு வரையுள்ள ஒவ்வோர் அடைவுக்குள்ளும் பெஸ் பயனர் நுழைய முடிய வேண்டும். பெஸ் பயனராகவே மாறி அந்தக் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் படித்துப் பார்ப்பதே மிகச் சுருக்கமான சோதனை. தரவு வேறு வட்டில் இருந்து குறியீட்டு இணைப்பு மூலம் வருகிறதென்றால், இணைப்புகளைப் பின்தொடரும் அமைப்பு 'இல்லை' என்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுருக்கிய கோப்புகளை வைத்திருப்பவர்கள், அவற்றை விரித்து வைக்கும் தற்காலிகச் சேமிப்பின் அளவு, விரித்த பின் மிகப் பெரிதாக இருக்கும் கோப்பைவிடப் பெரிதாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேர மாறியைத் தனியாகச் சோதியுங்கள். பைத்தானின் எக்ஸ்அரே நூலகம் எழுதும் கோப்புகளில் நேரம் பெரும்பாலும் 64 பிட் முழுவெண்ணாக இருக்கும், டி.ஏ.பி.யின் இரண்டாம் பதிப்பில் அப்படியொரு வகையே கிடையாது. மற்ற மாறிகள் எல்லாம் ஒழுங்காக வந்து, நேரம் மட்டும் காணாமல் போனாலோ பிழை கொடுத்தாலோ இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கோப்பை எழுதும்போதே நேரத்தை இரட்டைத் துல்லியத் தசம எண்ணாக எழுதிவிடலாம், அல்லது பயனர்களை நான்காம் பதிப்பின் வழியாக வரச் சொல்லலாம். பழைய கிளையன்கள் இன்னும் நிறையப் புழங்குவதால் முதல் வழியையே நான் விரும்புவேன்.

பல கோப்புகளை, அவற்றைத் தொகுக்கும் விவரங்களை எழுதும் என்சிஎம்எல் மூலம் நேர அச்சில் இணைத்து ஒரே தொகுப்பாகக் காட்டுபவர்கள், இரண்டு கோப்புகள் சந்திக்கும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கோப்பாக இருந்த தொகுப்பு ஒன்றை நான் இணைத்தபோது, கட்டமைப்பு சரி, மொத்த எண்ணிக்கை சரி, முதல் எண்ணும் கடைசி எண்ணும் சரி என்று பார்த்துவிட்டுத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு கோப்பும் தன் மாதத்தின் முதல் நாளிலிருந்தே நாள்களை எண்ணியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இணைந்த அச்சில் 30க்குப் பிறகு மறுபடி 0 வந்தது. வரைபடத்தில் பன்னிரண்டு மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. இணைப்பு என்பது எண்களை அடுக்குவது மட்டுமே. அலகைப் படித்து மாற்றிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்தது என் தவறு. அதன் பிறகு நேர அச்சு முழுவதையும் இறக்கி, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் எங்காவது சுழியமாகவோ எதிர்மறையாகவோ இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் தொகுப்பையும் நான் திறப்பதில்லை.

ஆறாம் படி: வேகமும் வரம்புகளும்

சேவையகம் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வரும்போது பெரும்பாலோர் நினைவகத்தைக் கூட்டுகிறார்கள். அதற்கு முன் கோப்புக்குள் தரவு எப்படித் துண்டுபோடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆண்டின் தினசரி வரைபடங்கள், ஒவ்வொன்றும் 720 × 1440 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு நான்கு பைட்டுகள், ஒரு நாளுக்கு ஒரு துண்டு என்று எச்டிஎஃப்5 கோப்பு ஒன்று சுருக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் விரிந்த அளவு 4,147,200 பைட்டுகள். ஒரு நாளின் வரைபடத்தைக் கேட்பவருக்கு ஒரே துண்டை விரித்தால் போதும். ஒரே ஓர் இடத்தின் ஆண்டு முழுவதுக்குமான வெப்பநிலையைக் கேட்பவருக்கு 365 எண்கள், வெறும் 1,460 பைட்டுகள்தான் தேவை. ஆனால் அதற்காக 365 துண்டுகளையும், அதாவது சுமார் 1.5 கிகாபைட்டை, சேவையகம் விரித்தாக வேண்டும். ஆகவே வேகச் சோதனையில் வரைபடக் கோரிக்கை ஒன்றையும் நேரத்தொடர்க் கோரிக்கை ஒன்றையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் கோப்பை வேறு துண்டு அளவில் திரும்ப எழுதுவதே மருந்து. வன்பொருள் வாங்குவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கோரிக்கைகளை அனுப்பிவிட்டுச் செயல்களின் பட்டியலைப் பார்த்தால், பெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு குழந்தைச் செயலை உருவாக்குவது தெரியும். கோரிக்கைகள் முடிந்த பிறகும் சில திறந்தபடியே இருக்கும், ஓ.எல்.எஃப்.எஸ். அவற்றை மறுபயன்பாட்டுக்காக வைத்துக்கொள்வதால் இது இயல்புதான். ஓ.எல்.எஃப்.எஸ். அமைவில் விடையின் அதிகபட்ச அளவு சுழியம் என்றிருந்தால் வரம்பே இல்லை என்று பொருள். பொதுமக்களுக்குத் திறக்கும் சேவையகத்தில் ஒரு வரம்பை வைத்து, அதைத் தாண்டும் கோரிக்கை ஒன்றை வேண்டுமென்றே அனுப்பி, பயனருக்குப் புரியும் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

ஏழாம் படி: வெளியுலகுக்குத் திறத்தல்

பெஸ்ஸுடன் கட்டளைவரியில் பேசியபோது அது கடவுச்சொல் எதையும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எனவே 10022 போர்ட் வெளியிலிருந்து எட்டும்படி இருக்கவே கூடாது. ஃபயர்வால் விதியை எழுதிவிட்டோம் என்று நம்பாமல், வெளிக் கணினி ஒன்றிலிருந்து இணைய முயன்று, மறுக்கப்படுகிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். டாம்கேட்டுக்கு முன்னால் அப்பாச்சி போன்ற ஒரு பதிலிச் சேவையகம் நின்று, எச்.டி.டி.பி.எஸ். மறையாக்கத்தை அதுவே முடித்துக்கொள்கிறதென்றால், ஓ.எல்.எஃப்.எஸ். உருவாக்கும் பக்கங்களிலுள்ள இணைப்புகள் மறையாக்கம் இல்லாத முகவரிகளாக வரக்கூடும். டாம்கேட்டின் இணைப்பியில் வெளிப்பெயர், வெளிப்போர்ட், நெறிமுறை ஆகிய மூன்றையும் எழுதினால் சரியாகிவிடும். பதிலிக்கும் டாம்கேட்டுக்கும் இடையே எச்.டி.டி.பி.க்குப் பதிலாக ஏ.ஜே.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துபவர்கள், 2020இல் வெளிவந்த கோஸ்ட்கேட் பாதுகாப்புக் குறைக்குப் பிறகு டாம்கேட் 9.0.31 முதல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதையும், இயக்கினால் இரகசியச் சொல் கேட்கப்படுவதையும் அறிந்திருக்க வேண்டும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் ஒவ்வொரு கோப்பின் ஒவ்வொரு இணைப்பையும் தொடர்ந்து சென்று சேவையகத்தைத் திணறடிக்கும். அவற்றைத் தடுக்கும் ரோபோட்ஸ் கோப்பைத் தளத்தின் வேரில் வைக்க வேண்டும். ஹைராக்ஸின் அடைவுக்குள் வைத்தால் அந்த நிரல்கள் எதுவும் அதைப் படிக்காது.

கடைசிப் படி: மறுதொடக்கமும் கண்காணிப்பும்

கணினியை முழுவதுமாக அணைத்து மறுபடி இயக்குங்கள். எந்தக் கட்டளையும் கொடுக்காமல் சில நிமிடங்கள் கழித்து வெளியிலிருந்து யூ மாறியின் முதல் எண்ணைக் கேளுங்கள். தொடக்கத்தில் தானாக எழும்படி டாம்கேட்டை மட்டும் அமைத்துவிட்டுப் பெஸ்ஸை மறந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். பிணைய வட்டில் தரவு இருந்தால், வட்டு இணைவதற்கு முன்பே பெஸ் எழுந்துவிட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

இதே கோரிக்கையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியிலிருந்து தானாக அனுப்பும்படி கிரான் வேலை (குறித்த நேரங்களில் தானாக இயங்கும் கட்டளை) ஒன்றை எழுதி வையுங்கள். விடையில் -1728 இருக்கிறதா என்று அது பார்க்கட்டும். இல்லையென்றால், நிலைக்குறியீடு 200 ஆகவே இருந்தாலும், உங்களுக்கு மின்னஞ்சல் வரட்டும். உங்கள் சொந்தத் தரவிலிருந்தும் மாறாத பழைய கோப்பு ஒன்றின் எண்ணை இரண்டாவது சோதனையாகச் சேர்த்துக்கொண்டால், மாதிரிக் கோப்பு நன்றாக இருக்கும்போதே தரவு வட்டு கழன்றுபோன நாளையும் அது பிடித்துக் கொடுக்கும்.